ஜே.சி. குமரப்பா: இயற்கையின் கணக்கையும் எழுதச் சொன்ன ஆடிட்டர்

நிலக்கரியைக் குறைக்க வேண்டும். ஆனால் சுரங்கத்தை நம்பி வாழும் தொழிலாளியின் சோற்றில் மண் விழக் கூடாது. பசுமையும் வேணும், நியாயமும் வேணும். இந்தியா உள்பட வளரும் நாடுகள் எல்லாம் இன்று மண்டையை உடைத்துக்கொள்வது இதில்தான்.

இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள் இல்லை, ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்று 80 ஆண்டுகளுக்கு முன்பே சிறையில் உட்கார்ந்து எழுதியவர் ஜே.சி. குமரப்பா. காந்தியின் பொருளாதார அறிஞர் என்று பாடப் புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லும் அதே குமரப்பாதான்.

யார் இவர்?

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். குமரப்பா என்ற குடும்பப் பெயரைப் பின்னாளில்தான் சூட்டிக்கொண்டார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துவிட்டு பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் செய்தார். கோட்டு, சூட்டு, நல்ல வருமானம்.

1927-ல் அமெரிக்கா போனார். சிராக்யூஸில் வணிக நிர்வாகமும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியும் படித்தார். அங்கேதான் வாழ்க்கை திரும்பியது. இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று பிரிட்டிஷ் அரசின் வரவு செலவைப் புரட்டிப் பார்த்தார். வரி வாங்குவது ஏழை உழவரிடம், செலவு செய்வது வேறு யாருக்காகவோ என்பது கணக்கிலேயே தெரிந்தது.

அந்த ஆய்வோடு 1929 மே 9-ம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார். மரத்தடியில் ஒரு வயதானவர் நூல் நூற்பதை நின்று வேடிக்கை பார்த்தார். அவர்தான் காந்தி என்பது அந்தப் பெரியவரே பேச்சுக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. ஆய்வை வெளியிட ஒப்புக்கொண்ட காந்தி, கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்: குஜராத்தின் மாதர் தாலுகா கிராமங்களுக்குப் போய் மக்களின் வரவு செலவைக் கணக்கெடுப்பது. குமரப்பாவுக்கு குஜராத்தி தெரியாது. வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்.

காந்தியானாலும் கணக்கு கணக்குதான்

1934-ல் பீகாரை நிலநடுக்கம் உலுக்கியது. நிவாரண நிதியின் கணக்கு குமரப்பா கையில். தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு வரம்பு வைத்தார். காந்தியும் உடன் வந்தவர்களும் அங்கே வந்தபோது, அவர்களின் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று மறுத்துவிட்டார். காந்தி கோபப்படவில்லை. அதே ஆண்டு தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்துக்கு குமரப்பாவே செயலாளர் ஆனார். வார்தாவின் மகன்வாடியில் கையால் செய்யும் காகிதம், செக்கு எண்ணெய், தேனீ வளர்ப்பு என்று வேலை தொடங்கியது.

அணையும் ஆறும்

'வெள்ளையனே வெளியேறு' போராட்டக் காலத்தில் ஜபல்பூர் சிறையில் எழுதியதுதான் 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்', அதாவது நிலைத்த பொருளாதாரம். அதன் அடிப்படை ரொம்ப எளிமையானது.

நிலக்கரி, பெட்ரோலியம், இரும்புத் தாது எல்லாம் அணையில் தேங்கிய தண்ணீர் மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும். குறையக் குறைய அடிதடி வரும். நாடுகளுக்குள் போரும் வரும். மரம், பயிர் எல்லாம் ஓடும் ஆறு மாதிரி. வளரும் அளவுக்குள் எடுத்தால் தீராது. வாழ்க்கையின் அஸ்திவாரத்தை ஆற்றின் மேல் போடுங்கள் என்பது அவர் வாதம்.

இன்னொன்றும் சொன்னார். புலி அடித்துத் தின்கிறது. குரங்கு தோட்டத்தில் புகுந்து பறிக்கிறது. தேனீ தன் கூட்டத்துக்கே உழைக்கிறது. தாய்ப் பறவை எதையும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. ஒரு நாட்டின் பொருளாதாரம் இதில் எந்த ரகம் என்று பார்க்கச் சொன்னார்.

வெறும் பேச்சோடு நிற்கவில்லை. மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' விளக்கு மகன்வாடியில் உருவானது. கரும்புக்கு நல்ல நிலமும் பாசனமும் வேணும், பனை தரிசிலேயே நிற்கும். அதனால் பனைவெல்லத்தை முன்னே வைத்தார்.

அப்புறம் ஏன் எடுபடவில்லை?

1938-ல் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் குமரப்பா இருந்தார். பெருந்தொழிலே வழி என்று குழு போக, சில மாதங்களில் விலகிவிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து 1949-ல் அறிக்கை கொடுத்தார். இடைத்தரகர்களை ஒழிக்கணும், நிலத்துக்கு உச்சவரம்பு வேணும், உழுபவருக்கு நிலத்தில் உரிமை வேணும் என்றது அறிக்கை. ஜமீன்தாரி முறை ஒழிந்தது. மீதி பல மாநிலங்களில் காகிதத்தோடு நின்றது.

எதிர்த் தரப்பிலும் நியாயம் இருந்தது. வங்கப் பஞ்சத்தைப் பார்த்த நாட்டுக்கு உரமும் எஃகும் மின்சாரமும் உடனே தேவைப்பட்டன. கிராமம் என்பது சாதியின் கூடாரம் என்று அம்பேத்கர் எச்சரித்தார். கிராமத்தை நம்பிய குமரப்பாவின் திட்டத்தில் அதற்கு முழுமையான பதில் இல்லை.

கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். 1960 ஜனவரி 30, காந்தி நினைவு நாளிலேயே காலமானார். 13 ஆண்டுகள் கழித்து 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' புத்தகத்தில் பொருளாதார அறிஞர் ஷூமாக்கர் இவரை எடுத்துக்காட்டியபோதுதான் மேற்குலகில் பலர் கவனித்தார்கள்.

இன்றைக்கு என்ன பயன்?

சோலார் பூங்கா பசுமைதான். ஆனா அதுக்கு மேய்ச்சல் நிலத்தைக் கொடுத்தவர் யார், லாபம் யாருக்கு? பேட்டரி காருக்கு லித்தியம் தோண்டும் ஊரில் தண்ணீர் யாருக்குக் குறையும்? எரிபொருளை மாற்றினாலும், செலவை ஏழையின் தலையில் எழுதினால் குமரப்பாவின் பார்வையில் அது பழைய கணக்குத்தான். ஒரு திட்டத்தின் லாபத்தைப் பார்க்கும் முன், அதில் எழுதாமல் விட்ட செலவு எது, அதைச் சுமப்பவர் யார் என்று ஆடிட்டர் மாதிரி கேட்டுப் பார்க்கலாம்.