மூன்றங்குலத் தொலைநோக்கி

சிறுவர்களுக்கான சில தொலைநோக்கிப் பெட்டிகளின்மீது 500 மடங்கு, 600 மடங்கு பெரிதாகத் தெரியும் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வாங்கி வந்து நிலவைப் பார்த்தால் மங்கலான வெள்ளைத் திட்டுதான் தெரியும். இரண்டாம் நாளே கருவி அலமாரிக்குப் போய்விடும். அத்தகைய சிறு கருவியைக் கொண்டே உலக வானியலாளர்களின் மதிப்பைப் பெற்ற ஒருவர் வங்காளத்தில் வாழ்ந்தார். அவர் பெயர் இராதா கோவிந்த சந்திரா.

அவர் 1878ஆம் ஆண்டு ஜெசூருக்கு அருகிலுள்ள பாக்சர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. அண்டத்தின் பெருமையைப் பற்றிப் பள்ளிப் பாடநூலில் வந்த ஒரு கட்டுரைதான் அவரை வானத்தின்பால் ஈர்த்தது. ஆனால், படிப்பு அவருக்குக் கைகொடுக்கவில்லை. பள்ளி இறுதித் தேர்வில் மூன்று முறை தோல்வியடைந்தார். பின்னர், ஜெசூர் அரசுக் கருவூலத்தில் நாணயங்களைச் சோதித்து எண்ணும் சிறிய வேலையில் சேர்ந்தார். பகலில் நாணயம், இரவில் விண்மீன் என்று அவருடைய வாழ்க்கை நடந்தது. காளிநாத் முகர்ஜி என்ற வழக்கறிஞரின் துணையோடு விண்மீன் வரைபடங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டார். 1910ஆம் ஆண்டு ஹேலி வால்மீன் தோன்றியபோது, ஒரு சிறிய இருகண்நோக்கியால் அதைக் கவனித்துக் குறிப்பெழுதினார்.

1912ஆம் ஆண்டு, 13 பவுண்டு செலவில் இங்கிலாந்திலிருந்து மூன்றங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். மூன்றங்குலம் என்பது முன்னால் உள்ள பெரிய வில்லையின் விட்டம். அவருடைய சம்பளத்திற்கு அது பெருந்தொகை. அப்படி வந்த கருவியின் குழாயோ அட்டையால் ஆனது! ஈரக்காற்று வீசும் வங்காளத்தில் அட்டை எத்தனை மழைக்காலம் தாங்கும்? மேலும் பணம் செலவழித்துப் பின்னர் பித்தளைக் குழாய் பொருத்திக்கொண்டார். குழாய் சற்று வளைந்தாலும் வில்லைகள் நேர்க்கோட்டில் நில்லா. விண்மீன் புள்ளியாகத் தெரியாமல் வால் முளைத்ததுபோல் தெரியும்.

இந்த இடத்தில் பெட்டிமீது அச்சிட்ட எண்ணுக்குத் திரும்புவோம். தொலைநோக்கியின் பெரிய வில்லை ஒளியைச் சேகரிக்கிறது. கண்ணருகே வைக்கும் சிறிய வில்லை, அதாவது கண்ணருகு வில்லை, படிமத்தைப் பெரிதாக்குகிறது. பெரிய வில்லையின் குவியத் தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 900 மில்லிமீட்டரை 25 மில்லிமீட்டரால் வகுத்தால் 36 மடங்கு. மூன்றங்குலக் கருவி ஏறத்தாழ 150 மடங்கு வரையே தாங்கும். அதற்குமேல் போனால் படிமம் பெரிதாகும், தெளிவு குறையும். விண்மீன்களின் ஒளியை ஒப்பிடுவதற்குக் குறைந்த உருப்பெருக்கமே ஏற்றது. அப்போதுதான் பல விண்மீன்களை ஒரே பார்வையில் காணலாம்.

கருவியோடு பொருத்தப்படும் சிறு தேடுநோக்கியையும் பெரிய குழாயோடு ஒத்துப்போகுமாறு திருத்த வேண்டும். இதைப் பகலிலேயே செய்துவிடலாம். பினாங்கில் இருப்பவர்கள் கொம்தார் கட்டடத்தின் உச்சியைக் குறிவைக்கலாம். சூரியன் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பவே கூடாது; நொடிப்பொழுதில் கண் போய்விடும். குளிரூட்டிய அறையிலிருந்து கருவியை வெளியே கொண்டுவந்ததும் வில்லையில் நீர் படியும். அதைத் துணியால் துடைக்காமல், தானாக உலரும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

1918ஆம் ஆண்டு ஜூன் மாதம், கழுகு விண்மீன் குழுவில் புதிய ஒளி ஒன்று தோன்றியதைச் சந்திரா வெறுங்கண்ணாலேயே கண்டார். வரைபடம் மனத்தில் பதிந்திருந்ததால், அங்கே இருக்கக்கூடாத ஒன்று இருப்பது அவருக்கு உடனே தெரிந்தது. இச்செய்தியை அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்திற்கு எழுதினார். அதன் இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங் நூல்களையும் வரைபடங்களையும் அனுப்பி அவரை ஊக்குவித்தார். பின்னர், மாறொளி விண்மீன்களை நோக்குவோருக்கான அமெரிக்கச் சங்கத்தில் சந்திரா உறுப்பினரானார்.

மாறொளி விண்மீன் என்பது ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன். அதன் அருகில் ஒளி மாறாத இரண்டு விண்மீன்களை வரைபடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும்; ஒன்று சற்றுப் பிரகாசமானது, மற்றொன்று சற்று மங்கியது. மாறும் விண்மீன் இவ்விரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறது என்று கண்ணால் மதிப்பிட்டு நேரத்தோடு எழுத வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால், அதை ஆண்டுக்கணக்கில் செய்ய எத்தனை பேர் இருப்பார்கள்? சந்திரா 1919 முதல் 1954 வரை அச்சங்கத்திற்கு 37,000க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை அனுப்பினார். கணக்கிட்டால் ஆண்டுக்கு ஆயிரத்துக்குமேல். மேகம் மூடிய பருவமழை இரவுகளைக் கழித்துப் பார்த்தால், வானம் தெளிந்த இரவுகளில் அவர் எவ்வளவு உழைத்திருப்பார் என்பது விளங்கும்.

அவ்வுழைப்பைக் கண்ட சங்கம், 1926ஆம் ஆண்டு ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்குக் கடனாக அனுப்பியது. விட்டம் இரு மடங்கானால் சேரும் ஒளி நான்கு மடங்காகும். அதுவரை எட்டாத மங்கிய விண்மீன்களும் அவருக்குப் புலப்பட்டன. 1928ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசும் அவருக்குப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது.

1947ஆம் ஆண்டு நாடு பிரிந்தது. பிறந்த ஊர் அயல்நாடானது. சந்திரா கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள பாராசாத்தில் குடியேறினார். கண்பார்வையும் உடலும் தளர்ந்த முதுமையில், கடனாக வந்த பெரிய தொலைநோக்கியை அவர் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்பவில்லை. சங்கத்தின் விருப்பப்படி அது வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு மாறியது. 1975ஆம் ஆண்டு பாராசாத்தில் சந்திரா காலமானார். அவர் பயன்படுத்திய அந்த ஆறங்குலத் தொலைநோக்கி, தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தைச் சென்றடைந்தது.