எமில் ஃபிஷர்

ஹெர்மன் எமில் ஃபிஷர் (அக்டோபர் 9, 1852 – ஜூலை 15, 1919) ஜெர்மனியைச் சேர்ந்த வேதியியலாளர் ஆவார். சர்க்கரைகள், பியூரின்கள் ஆகியவற்றின் தொகுப்பு ஆய்வுகளுக்காக 1902 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

வாழ்க்கை

இவர் கொலோன் நகருக்கு அருகிலுள்ள ஆய்ஸ்கிர்ஷனில் பிறந்தார். ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் அடோல்ஃப் ஃபொன் பையரின் வழிகாட்டலில் 1874 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1892 முதல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். முதல் உலகப் போர்க் காலத்தில் தம் மூன்று மகன்களுள் இருவரை இழந்தார்.

சர்க்கரை ஆய்வு

1875 இல் இவர் கண்டறிந்த ஃபீனைல்ஹைட்ரசீன், பாகாக நின்ற சர்க்கரைகளைப் படிகமாகும் சேர்மங்களாக மாற்றிப் பிரித்தறிய உதவியது. அதன் நச்சுத்தன்மையே இவரது உடல்நலத்தையும் கெடுத்தது. 1891 இல் குளுக்கோசின் முப்பரிமாண அமைப்பை நிறுவினார். ஓர் அமைப்பும் அதன் கண்ணாடிப் பிம்பமும் ஆகிய இரண்டில் எது இயற்கைக் குளுக்கோசு என அறிய அன்று வழியில்லை. எனவே ஒன்றை ஊகமாகக் கொண்டார். அவ்வூகம் சரியே என்பது 1951 இல் பைஃபூட் குழுவினரின் எக்ஸ் கதிர் ஆய்வால் தெளிவாயிற்று.

சமச்சீரற்ற தொகுப்பு

சர்க்கரை மூலக்கூறுடன் புதிய கார்பன் அணுவைச் சேர்க்கையில், தோன்றக்கூடிய இரு வடிவங்களும் சம அளவில் உண்டாவதில்லை என்பதை 1894 இல் எடுத்துக்காட்டினார். ஏற்கனவே உள்ள அமைப்பே புதிய அமைப்பை நெறிப்படுத்துகிறது என்பது இதன் பொருள். நொதியும் அது செயற்படும் பொருளும் பூட்டும் திறவுகோலும் போலப் பொருந்த வேண்டும் என்ற கருத்தையும் அதே ஆண்டில் வெளியிட்டார்.

இக்கருத்து பின்னர் வினையூக்கிகளிலும் பயன்பட்டது. 1996 இல் யியான் ஷி, பழச்சர்க்கரையான ஃபிரக்டோசிலிருந்து பெற்ற கீட்டோனை வினையூக்கியாகக் கொண்டு, ஆல்க்கீன்களிலிருந்து ஒரு கண்ணாடிப் பிம்ப வடிவமே மிகுந்த எப்பாக்சைடுகளைத் தயாரித்தார்.