கண் இல்லாதவர் கண்டுபிடித்த ஊசிக் குழல்

ஊசி குத்தினால் வலிக்கும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால், ஊசி குத்தியே வலியைப் போக்கினார் ஒருவர். அவர் ஜப்பான் நாட்டு வைத்தியர் சுகியாமா வாய்ச்சி.

அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது!

மந்த மாணவர்

சுகியாமா 1610-ம் ஆண்டு பிறந்தார். போர் வீரர் குலம். வளர்ந்ததும் வாள் ஏந்த வேண்டிய பிள்ளை. ஆனால், சிறு வயதிலேயே நோய் வந்து பார்வை போய்விட்டது.

அந்தக் காலத்து ஜப்பானில் கண் தெரியாதவர்கள் பிழைக்கச் சில தொழில்களே இருந்தன. வாத்தியம் வாசிக்கலாம். உடம்பு பிடித்து விடலாம். ஊசி வைத்தியம் செய்யலாம்.

சுகியாமா எடோ நகருக்குப் போனார். அதுதான் இன்றைய டோக்கியோ. அங்கே யமாசே என்ற வைத்தியரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

பாடம் மனதில் நிற்கவில்லை. கையும் படியவில்லை. இந்தத் தொழில் இவருக்கு வராது என்று சொல்லி, குரு அவரை வெளியே அனுப்பிவிட்டார்.

இனி என்ன செய்வது? ஆயுள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்வதா?

காலில் இடறிய கல்

எடோவுக்குத் தென்மேற்கே, கடலோரத்தில் எனோஷிமா என்ற சிறு தீவு இருக்கிறது. அங்கே பென்தென் தேவிக்குக் கோயில் உண்டு. பென்தென் வேறு யாரும் அல்ல, நம் சரஸ்வதிதான்! புத்த மதத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குச் சென்ற தெய்வம்.

சுகியாமா அந்தத் தீவில் ஒரு குகைக்குள் பட்டினி கிடந்து வேண்டினார். திரும்பும் வழியில் ஒரு கல் இடறி விழுந்தார். ஏதோ ஒன்று சுருக்கென்று குத்தியது. தடவிப் பார்த்தார். ஒரு மூங்கில் குழல். அதற்குள் ஊசி போன்ற பைன் மர இலை!

இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்தக் கல்லை இன்றும் தீவில் காட்டுகிறார்கள்.

குழலின் சூட்சுமம்

சுகியாமா பிறகு கியோட்டோ நகரில் படித்துத் தேர்ந்தார். மெல்லிய குழலுக்குள் ஊசியைப் போட்டுக் குத்தும் முறையைப் பரப்பினார்.

குழல், ஊசியைவிடச் சற்றே குட்டை. குழலைத் தோல் மீது அழுத்தி வைக்க வேண்டும். மேலே நீட்டி நிற்கும் ஊசியின் தலையை விரலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஊசி வளையாமல் தோலுக்குள் இறங்கும். குத்திய வலி அதிகம் தெரியாது. பிறகு குழலை எடுத்துவிடலாம். இதற்குக் கண் வேண்டாம், விரல் போதும்!

அவர் புகழ் அரண்மனை வரை எட்டியது. நாட்டை ஆண்ட ஷோகன் சுனயோஷிக்கு அவர் வைத்தியம் செய்தார். குணமடைந்த ஷோகன், என்ன பரிசு வேண்டும் என்று கேட்டாராம். ஒரே ஒரு கண் கிடைத்தால் போதும் என்றாராம் சுகியாமா. கண்ணை யார் கொடுக்க முடியும்? "ஹிதோத்சுமே" என்ற இடத்தில் ஷோகன் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்தப் பெயருக்கு "ஒற்றைக் கண்" என்றும் பொருள் உண்டு!

தொழிலை ஒளிக்கவில்லை

கற்ற வித்தையைச் சுகியாமா பூட்டி வைக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டியபின், கண் தெரியாதவர்களுக்கு ஊசி வைத்தியமும் உடம்பு பிடித்து விடும் முறையும் கற்றுத்தரப் பள்ளி நடத்தினார். அவருடைய சீடர்கள் அதைப் பல ஊர்களுக்கும் கொண்டுபோனார்கள். 1694-ல் சுகியாமா காலமானார். ஜப்பானில் பார்வையற்றோர் பள்ளிகளில் இன்றும் இந்தத் தொழில் கற்பிக்கப்படுகிறது.

இன்றைய ஊசி

கழுத்துப் பிடிப்பு, தோள் வலி, இடுப்பு வலி ஆகியவற்றுக்கு இப்போது "டிரை நீடிலிங்" என்ற சிகிச்சை செய்கிறார்கள். ஊசியில் மருந்து கிடையாது. தசையில் முடிச்சுப் போல் இறுகிய இடத்தைத் தேடி, வெறும் ஊசியைக் குத்துவார்கள். மருந்து இல்லாமல் ஊசியே வலியைக் குறைக்கும் என்று 1979-ல் எழுதினார், செக்கோஸ்லோவாக்கியா டாக்டர் காரெல் லெவிட்.

பழைய ஊசி வைத்தியமும் இதுவும் ஒன்றல்ல. இது எல்லா வலிக்கும் மருந்தும் அல்ல. பலருக்குச் சில காலம் வலி குறைகிறது. ஆனால், பயிற்சி இல்லாதவர் மார்பிலோ தோளிலோ ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழலாம். பயிற்சி பெற்றவரிடமே போக வேண்டும்.

இந்தச் சிகிச்சைக்கான ஊசிகள் பெரும்பாலும் ஒரு சிறு குழலோடுதான் வருகின்றன. அதே குழல் முறை! வராது என்று குரு அனுப்பிவிட்ட மாணவர் உலகுக்கு விட்டுச்சென்ற சொத்து அது.