மன்னர் பிரேந்திரா: நேபாளம் மறக்காத அந்த இரவும், மறந்துபோன 18 ஆண்டுகளும்

2001 ஜூன் 1, வெள்ளிக்கிழமை இரவு. காத்மாண்டுவின் நாராயண்ஹிட்டி அரண்மனையில் குடும்ப விருந்து. திடீரென துப்பாக்கிச் சூடு. மன்னர் பிரேந்திரா, ராணி ஐஸ்வர்யா, மகள் ஸ்ருதி, இளைய மகன் நிரஜன் உட்பட 9 பேர் பலியானார்கள். சுட்டது மூத்த மகனும் பட்டத்து இளவரசருமான தீபேந்திராதான் என்றது விசாரணைக் குழு. கோமாவிலேயே மன்னராக அறிவிக்கப்பட்ட அவரும் ஜூன் 4-ல் இறந்தார். இந்த முடிவை நம்பாத நேபாளிகள் இன்றும் ஏராளம்.

அந்த இரவோடு பிரேந்திரா பலருக்கும் 'நல்ல மன்னர்' ஆகிவிட்டார். ஆனா, அவருடைய ஆட்சி உண்மையில் எப்படி இருந்துச்சு?

அப்பா கொடுத்த அதிகாரம்

1945-ல் பிறந்த பிரேந்திரா, இங்கிலாந்தின் ஈடன் பள்ளியிலும் பிறகு டோக்கியோ, ஹார்வர்டிலும் படித்தவர். தந்தை மகேந்திரா இறந்ததும் 1972-ல், 26 வயதில் அரியணை ஏறினார். கூடவே வந்தது 'பஞ்சாயத்து' ஆட்சிமுறை. நம்ம ஊர் பஞ்சாயத்துன்னு நினைச்சுட வேண்டாம். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை 1960-ல் கலைத்துவிட்டு மகேந்திரா கொண்டுவந்த முறை இது. கட்சிகளுக்குத் தடை, கடைசி முடிவு மன்னருடையது.

விட்டுக்கொடுத்தாரா, வேறு வழியில்லையா?

1979-ல் மாணவர்கள் தெருவில் இறங்க, பொது வாக்கெடுப்பை அறிவித்தார் பிரேந்திரா. 1980-ல் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 55% பேர் பஞ்சாயத்து முறைக்கே வாக்களித்ததாக முடிவு வந்தது. தடை தொடர்ந்தது.

1989-ல் இந்தியாவுடனான வர்த்தக ஒப்பந்தம் முடிந்து, பெரும்பாலான எல்லை வழிகள் மூடப்பட்டன. எரிபொருளுக்கே திண்டாட்டம். 1990-ல் மக்கள் இயக்கம் வெடித்தது. ஏப்ரல் 6-ல் காத்மாண்டுவில் ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு, பலர் இறந்தனர். இரண்டே நாளில் கட்சிகள் மீதான தடையை நீக்கினார். நவம்பரில் வந்த புதிய அரசியலமைப்பு, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டியது.

அதன் பிறகு?

அந்த வரம்பை அவர் பெரும்பாலும் மீறவில்லை. அரசுகள் அடிக்கடி கவிழ்ந்தபோதும் ஆட்சியைத் திரும்பக் கைப்பற்றவில்லை. 1996-ல் மாவோயிஸ்ட் போர் தொடங்கியும், அவர் இருந்தவரை ராணுவம் முழு அளவில் களமிறங்கவில்லை. சிலருக்கு இது நிதானம். சிலருக்கு, தீயை வளரவிட்ட தயக்கம்.

அடுத்து வந்த தம்பி ஞானேந்திரா, 2005-ல் ஆட்சியை நேரடியாகக் கையில் எடுத்தார். அடுத்த ஆண்டே மக்கள் எழுச்சி. 2008 மே 28-ல் மன்னராட்சியே ஒழிந்தது. அண்ணனின் மதிப்பு இன்னும் கூடியதற்கு இந்த ஒப்பீடும் ஒரு காரணம்.

எப்படி எடைபோடுவது?

அவருடைய சாவு ஒரு துயரம். அதற்காக, கட்சி நடத்தியதற்கே சிறை என்றிருந்த முதல் 18 ஆண்டுகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட முடியாது. அதேசமயம், அப்பா அதிகாரத்தைப் பறித்தார், தம்பியும் பறித்தார். நடுவில் திருப்பிக் கொடுத்தது பிரேந்திரா மட்டும்தான். என்ன, தெருவில் ரத்தம் சிந்திய பிறகுதான் கொடுத்தார்.