பைலட் சீட்ல ஆளே இல்ல... இறக்கை மேல ரெண்டு பேர்! ஆட்டோபைலட்டைப் பறக்கவிட்ட லாரன்ஸ் ஸ்பெர்ரி யார்?

விமானம் மேலே ஏறி, சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் நாம பாட்டுக்கு சாய்ந்து தூங்கிவிடுகிறோம். அந்த நேரத்தில் விமானத்தைப் பெரும்பாலும் ஓட்டிக்கொண்டிருப்பது பைலட்டின் கை இல்லை, ஆட்டோபைலட்தான். ஒரு மெஷினை நம்பி நூற்றுக்கணக்கான பேர் தூங்கலாம் என்று உலகத்துக்கு முதலில் காட்டியவர் 21 வயது இளைஞர். பெயர் லாரன்ஸ் ஸ்பெர்ரி. அவர் யார்? அவருக்கு என்ன ஆனது? பார்க்கலாம்.

பம்பரம்தான் எல்லாத்துக்கும் தொடக்கம்

1892 டிசம்பர் 21-ம் தேதி அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்தார் லாரன்ஸ். அப்பா எல்மர் ஸ்பெர்ரி பெரிய கண்டுபிடிப்பாளர். கப்பல்களுக்கு கைரோ திசைகாட்டி செய்தவர். 1910-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஸ்பெர்ரி கைரோஸ்கோப் கம்பெனியைத் தொடங்கினார்.

கைரோஸ்கோப்னா என்ன? நம்ம ஊர் பம்பரத்தை நினைச்சுக்கோங்க. வேகமாகச் சுற்றும்வரை பம்பரம் சாயாமல் நிற்கும். கைரோஸ்கோப்பும் அப்படித்தான். வேகமாகச் சுற்றும் சக்கரம், தன் அச்சின் திசையை லேசில் விட்டுக்கொடுக்காது. அதைத் தாங்கும் சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உள்ளே சக்கரம் அப்படியே இருக்கும்.

அப்பா இதைக் கப்பலில் வைத்தார். மகனுக்கு விமானத்தின் மேல்தான் கண்.

அன்றைய விமானங்கள் மரமும் துணியும் கம்பியுமாக இருந்தவை. காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் போதும், ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பைலட் ஒரு நொடி கவனம் சிதறினால் உயிர் போகும். விமானம் சாய்ந்ததும் கைரோஸ்கோப் அதை உணர்ந்து, இறக்கை மடல்களையும் வாலையும் தானே அசைத்து நிமிர்த்தினால் என்ன? இதுதான் லாரன்ஸின் யோசனை. ஹாமண்ட்ஸ்போர்ட்டில் விமானத் தயாரிப்பாளர் கிளென் கர்டிஸின் விமானங்களில் இதை வைத்துச் சோதனை செய்தார்.

1914 ஜூன் 18: பாரிஸ் அருகே நடந்தது என்ன?

பாதுகாப்பான விமானத்துக்கு என்றே பிரான்ஸில் ஒரு போட்டி நடந்தது. பரிசு 50,000 பிராங்க். சீன் நதிக்கரையில் பெசோன்ஸ் என்ற இடத்தில் நடுவர்களும் கூட்டமும் காத்திருந்தார்கள். லாரன்ஸ் கொண்டுவந்தது தண்ணீரில் இறங்கும் கர்டிஸ் விமானம். உள்ளே 4 கைரோஸ்கோப்கள் கொண்ட கருவி. எடை சுமார் 18 கிலோ. கூடவே எமில் காஷான் என்ற பிரெஞ்சு மெக்கானிக்.

முதல் சுற்றில் லாரன்ஸ் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினார். விமானம் நேராகப் போனது. இரண்டாவது சுற்றில் காஷான் எழுந்து இறக்கை மேல் நடந்துபோனார். ஒரு பக்கம் எடை கூடியதும் விமானம் லேசாகச் சாய்ந்தது, உடனே தானே நிமிர்ந்துகொண்டது.

மூன்றாவது சுற்றில்தான் கூட்டம் ஆடிப்போனது. ஒரு இறக்கையில் காஷான், இன்னொரு இறக்கையில் லாரன்ஸ். பைலட் சீட் காலி!

பரிசு லாரன்ஸுக்கே கிடைத்தது. ஆனால் சரியாக 10 நாள் கழித்து, ஜூன் 28-ம் தேதி, சரஜேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த சில வாரங்களில் முதல் உலகப்போர் வெடித்தது.

உயிர் காக்க வந்த கருவி, குண்டாக மாறியது

போர் வந்ததும் அதே கைரோஸ்கோப் வேறு வேலைக்குப் போனது. ஆளில்லாமல் பறந்து இலக்கில் விழும் விமானத்தை அமெரிக்கக் கடற்படைக்காக ஸ்பெர்ரி குடும்பம் உருவாக்கியது. 1918 மார்ச் 6-ம் தேதி, நியூயார்க் அருகே லாங் ஐலேண்டில், அப்படி ஒரு விமானம் தானாகவே பறந்து குறித்த தூரத்தில் இறங்கியது. இன்றைய ட்ரோன்களுக்கும் க்ரூஸ் ஏவுகணைகளுக்கும் அதுதான் தாத்தா. பைலட்டைக் காப்பாற்றச் செய்த கருவிதான் பைலட்டே தேவையில்லாத ஆயுதத்துக்கும் வழிவிட்டது.

போருக்குப் பிறகு மெசஞ்சர் என்ற குட்டி விமானத்தைத் தயாரித்தார். 1922-ல் அதை வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னாலேயே கொண்டுபோய் இறக்கினார். ஆள் அப்படி!

31 வயதைத் தொடவில்லை

1923 டிசம்பர் 13. இங்கிலாந்தில் இருந்து மெசஞ்சரில் தனியாகக் கிளம்பினார். ஆங்கிலக் கால்வாய் மேல் மூடுபனி. அக்கரை போய்ச் சேரவில்லை. விமானம் கடலில் கிடைத்தது. அவர் உடல் அடுத்த மாதம்தான் கிடைத்தது. 31-வது பிறந்தநாளுக்கு இன்னும் 8 நாள்தான் இருந்தது.

10 வருடம் கழித்து, 1933-ல் வைலி போஸ்ட் தனி ஆளாக விமானத்தில் உலகைச் சுற்றிவந்தார். 8 நாளுக்குள் முடித்தார். நடுவில் கொஞ்சமாவது கையை எடுத்து ஓய்வெடுக்க அவருக்கு உதவியது ஸ்பெர்ரி கம்பெனியின் ஆட்டோபைலட்.

இன்னிக்கு இதே கருவி வந்தா பாஸ் ஆகுமா?

இறக்கை மேல் நின்று காட்டினால் இன்று சர்டிபிகேட் கிடைக்காது. 1914-ல் நடுவர்கள் பார்த்தது ஒரு நாள், ஒரு வானிலை, சில சுற்றுகள். அது நல்லா வேலை செய்தது என்பதற்குச் சாட்சி. எப்போது கெட்டுப்போகும், கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

இன்று கேள்வியே அங்கேதான் தொடங்குகிறது. விமான சாஃப்ட்வேருக்கு டிஓ-178சி, மின்னணுக் கருவிகளுக்கு டிஓ-254 என்ற வழிகாட்டுதல்கள் உள்ளன. 'ஏ' முதல் 'இ' வரை 5 நிலைகள். ஒரு சாஃப்ட்வேர் தவறினால் விமானமே விழும் என்றால் அது 'ஏ'. எந்தப் பாதிப்பும் இல்லை என்றால் 'இ'. 'ஏ' நிலையில் ஒவ்வொரு வரியும் எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது என்று காட்ட வேண்டும். எழுதியவரே சரிபார்த்தால் போதாது, இன்னொருவர் பார்க்க வேண்டும். தன் விடைத்தாளைத் தானே திருத்தக்கூடாது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட கோளாறு 100 கோடி பறக்கும் மணி நேரத்துக்கு ஒரு தடவைகூட வரக்கூடாது என்பதுதான் பெரிய விமானங்களுக்கான இலக்கு.

இவ்வளவு எதற்கு? 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் இரண்டு போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். மூக்கைக் கீழே தள்ளும் ஒரு சாஃப்ட்வேர், ஒரே ஒரு சென்சார் சொன்னதை நம்பியது. அந்த சென்சார் தவறாகச் சொன்னது. சர்டிபிகேட் வாங்கும்போதே அந்த சாஃப்ட்வேரின் ஆபத்து குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தது பிறகு விசாரணைகளில் தெரியவந்தது.

லாரன்ஸ் தன் கருவியைத் தன் உயிரை வைத்தே சோதித்தார். அது அவருடைய உயிர், அவர் எடுத்த முடிவு. ஆனால் பின்னால் உட்கார்ந்து தூங்கும் நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. நமக்குப் பதிலாகக் கேள்வி கேட்க ஒருத்தர் வேணும். சர்டிபிகேட் கொடுப்பவரின் வேலை அதுதான். அடுத்த முறை விமானத்தில் கண்ணை மூடும்போது, சீன் நதி மேல் காலியாகப் போன அந்த பைலட் சீட்டையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.