நாடு துறந்தவர் சமைத்த வீடு

தாய்நாட்டை விட்டு நீங்கிய ஓவியர் ஒருவரிடம், அந்நாட்டு வீடொன்றை அரங்கிலே அமைத்துத் தருமாறு இத்தாலியர் வேண்டினர். அவ்வோவியர் யப்பானியராகிய சுகுஹாரு புஜித்தா ஆவர்.

1886ஆம் ஆண்டு தோக்கியோவிலே இராணுவ மருத்துவர் ஒருவரின் மைந்தராகப் பிறந்த அவர், அந்நகர நுண்கலைப் பள்ளியிற் பயின்று 1910இல் தேறினார். 1913இல் பாரிசு சென்று, மொடிலியானி, சூத்தீன் முதலிய ஓவியரோடு நட்புப் பூண்டார். எண்ணெய் வண்ணம் தீட்டும் துணியிலே பால்போன்ற வெண்மையைப் பரப்பி, அதன்மீது யப்பானியத் தூரிகையால் மயிரிழையன்ன கருங்கோடு வரைந்தமையே அவர்தம் புகழுக்குக் காரணமாயிற்று. பிரெஞ்சு அரசு 1925இல் அவரைச் சிறப்பித்து விருதளித்தது.

1933இல் தாயகம் மீண்டவர், போர்க்காலத்தில் இராணுவத்தின் பொருட்டுப் போர்க்களக் காட்சிகளைத் தீட்டினார். அத்துத் தீவில் யப்பானியப் படை அழிந்ததைக் காட்டும் 1943ஆம் ஆண்டு ஓவியம் அவற்றுள் ஒன்று. 1945இல் நாடு தோல்வியுற்றதும், ஓவியர் சிலர் போர்ப்பழியை அவர்மீது சுமத்தினர். பழி முற்றும் பொய்யன்று. ஆயின் அவ்வழிச் சென்றவர் அவர் ஒருவரேயல்லர். 1949இல் யப்பானை விட்டு நீங்கி, நியூயோர்க் வழியாக 1950இல் பிரான்சை அடைந்தார். பின்னர் அவர் தாய்மண்ணை மிதித்திலர்.

இந்நிலையிலேதான் 1951இல் மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கினர், புச்சீனியின் 'மடாமா பட்டர்பிளை' என்னும் இசைநாடகத்துக்குக் காட்சியும் உடையும் வகுக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தனர். 1904இல் இந்நாடகம் முதன்முதல் அரங்கேறி அவையோரின் ஏளனத்துக்கு இலக்காகியதும் அவ்வரங்கிலேயே. யப்பானைக் கண்டறியாத புச்சீனி, இலண்டனிற் பார்த்த நாடகம் ஒன்றைத் தழுவி இதனை இயற்றினார்.

நாகசாக்கிக் குன்றின் மீதுள்ள சிறு வீடே இக்கதைக்குக் களம். அமெரிக்கக் கடற்படை அதிகாரிக்கு அதன் நகரும் சுவர்களைத் தரகன் காட்டுவதோடு கதை தொடங்குகின்றது. கைவிடப்பட்ட நாயகி, கணவன் வரவை நோக்கி, சோஜி எனப்படும் தாட்சுவரிலே தனக்கும் பணிப்பெண்ணுக்கும் குழந்தைக்குமாக மூன்று துளைகள் இட்டு, இரவெல்லாம் விழித்திருக்கின்றாள். ஈற்றில் மறைப்பொன்றின் பின்னே உயிர்நீக்கின்றாள். ஆகவே அத்தாட்சுவர் வெறும் அலங்காரமன்று. ஒளியை விட்டுப் பார்வையைத் தடுக்கும் அதன் இயல்பிலேயே அவள் காத்திருப்பின் துயர் அடங்கியுள்ளது. விளக்குகளையும் குடைகளையும் குவித்தல் யப்பானாகிவிடும் என்று கருதுவோர் இதனை உணரார்.

புஜித்தாவுக்கோ அத்தகைய சுவர் இளமை முதற் பழகியது. வெண்டாளும் மெல்லிய மரச்சட்டமும் சேர்ந்த அச்சுவரை எண்ணுவார்க்கு, வெண்பரப்பும் கருங்கோடுமாகிய அவரது ஓவியமுறையும் நினைவுக்கு வரும்.

1955இல் அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். 1959இல் றீம்ஸ் நகரிலே கத்தோலிக்கராகி, லியொனார்ட் என்னும் பெயர் பூண்டார். எண்பது வயதை அணுகிய காலத்தில், 1966இல், அந்நகரச் சிற்றாலயத்தின் சுவர்களிலே தம் கையாலே ஓவியம் தீட்டினார். 1968இல் சூரிச் நகரிற் காலமான அவரின் உடல் இன்று அவ்வாலயத்திலேயே உறங்குகின்றது. நாடும் சமயமும் பெயரும் மாறின. இளமையிற் கற்ற கோடு மட்டும் அவர் கையை விட்டகலவில்லை.