நடை தளராத சிவம்

நுழையும்முன்

வேண்டி நின்ற பணி கிடைக்காதபோதும், கிடைத்த பணி கைநழுவும்போதும் உள்ளம் சோர்வது இயல்பு. அச்சோர்விலேயே நின்றுவிடாமல் எழுந்து நடந்தவர்களை நாடு நினைவில் வைத்திருக்கிறது. அவர்களுள் ஒருவர் தியாகி சுப்பிரமணிய சிவா.

இளமையும் வறுமையும்

சுப்பிரமணிய சிவா 1884ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்தார். பெற்றோர் இராஜம் ஐயர், நாகலட்சுமி. குடும்பத்தை வறுமை வாட்டியது. திருவனந்தபுரத்தில் இலவச உணவு விடுதியில் உண்டு அவர் கல்வி பயின்றார். பின்னர்ச் சிவகாசிக் காவல்துறை அலுவலகத்தில் சிறு பணியொன்று கிடைத்தது. ஆனால், சேர்ந்த மறுநாளே அப்பணியிலிருந்து நீக்கப்பட்டார். வறுமையில் வாடிய இளைஞருக்கு ஒரு நாள் மட்டும் திறந்து மூடிய கதவு அது.

அவர் அக்கதவின் முன் காத்து நிற்கவில்லை. மீண்டும் திருவனந்தபுரம் சென்று, தர்ம பரிபாலன சமாஜம் என்னும் அமைப்பை நிறுவினார். இளைஞர்களிடையே விடுதலை உணர்வை ஊட்டினார். அதனைப் பொறாத சமஸ்தான அரசு அவரை வெளியேற்றியது. பணியிடம் அவரை ஏற்கவில்லை. இப்போது ஊரும் ஏற்கவில்லை.

தூத்துக்குடியும் சிறையும்

ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றியவாறு 1908இல் தூத்துக்குடியை அடைந்தார். அங்கே சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நடத்திவந்த வ.உ. சிதம்பரனாரின் நட்பு வாய்த்தது. ஒரு நாள் ஊதியத்தை இழப்பதன் துயரைத் தம் வாழ்விலேயே உணர்ந்த சிவா, கோரல் ஆலைத் தொழிலாளர்களின் ஊதிய உயர்வுக்காகக் குரல் கொடுத்தார். அவ்வாண்டு மார்ச் 12ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பட்டனர். அரச நிந்தனைக் குற்றத்திற்காகச் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அஃது ஆறாண்டாகக் குறைந்தது.

சிறையில் கம்பளி மயிர் வெட்டும் கொடிய வேலை அவருக்கு அளிக்கப்பட்டது. அங்கேதான் தொழுநோயும் அவரைப் பற்றியது. 1912இல் விடுதலை பெற்று வெளிவந்தவர், மறு ஆண்டே ஞானபாநு என்னும் இதழைத் தொடங்கினார். மேடையில் ஒலித்த குரல் எழுத்திலும் ஒலித்தது.

தடையும் நடையும்

நோயைக் காரணம் காட்டி, அவர் தொடர்வண்டியில் பயணம் செய்யக் கூடாதென ஆங்கில அரசு தடை விதித்தது. மக்களைச் சந்திக்கும் வழியை அடைப்பதே அதன் நோக்கமாக இருந்தது. உடலெங்கும் புண்களைத் தாங்கிய சிவா நடந்தும் கட்டைவண்டியில் சென்றும் ஊர்தோறும் விடுதலை உணர்வைப் பரப்பினார். தடை பயணத்தின் விரைவைக் குறைத்ததே அன்றிப் பயணத்தை நிறுத்தவில்லை.

பாப்பாரப்பட்டிக் கனவு

தருமபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில் அவர் பாரத ஆசிரமத்தை நிறுவினார். சாதி, மத வேற்றுமையின்றி யாவரும் வழிபடத்தக்க பாரதமாதா கோயில் ஒன்றை அங்கே எழுப்ப விரும்பினார். 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயிலுக்குப் பொருள் திரட்ட, நோயுற்ற உடலோடு மீண்டும் ஊர் ஊராக அலைந்தார். கோயில் எழுவதற்குள் 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் பாப்பாரப்பட்டியிலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பது. அவ்வூரில் இன்று அவருக்கு மணிமண்டபம் உள்ளது. அவர் கனவு கண்ட பாரதமாதாவுக்கும் நினைவாலயம் எழுந்து 2021இல் திறக்கப்பட்டது.

அலுவலகமும் அரசும் சிவாவைப் புறந்தள்ளின. தொடர்வண்டியிலும் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. பிறர் மறுத்தவற்றைக் கொண்டு அவர் தம்மை அளந்துகொள்ளவில்லை. தாம் செய்ய வேண்டியவற்றைக் கொண்டே அளந்தார். மறுநாளே பறிபோன பணி அவர் வாழ்வின் சிறு நிகழ்வாகச் சுருங்கிப்போனது அதனால்தான்.